பதக்கத்தை எண்ணுவோரும் பிள்ளையை எண்ணுவோரும்

ஆண்டுதோறும் முதலாந் தவணை பிறந்ததும் எமது பாடசாலைகள் விழாக்கோலம் பூணுகின்றன. இல்லங்கள் வர்ணங்களால் அலங்கரிக்கப்படுகின்றன. மைதானத்திற் சுண்ணாம்புக் கோடுகள் இழுக்கப்படுகின்றன. அணிநடைக்கு மேளம் முழங்குகின்றது. பிரதம விருந்தினர் கூடாரத்தின் நிழலில் நின்று, விளையாட்டு உடலை வளர்க்கின்றது, உள்ளத்தைப் பண்படுத்துகின்றது என்று உரையாற்றுகின்றார். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்ற பழமொழியும் தவறாது வந்து சேர்கின்றது. அவர் பேசி முடிக்கும்வரை அச் சுவர்கள் வெயிலில் நிற்கின்றன.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கிழக்கிலங்கைப் பாடசாலையொன்றின் மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அம் மரணத்தின் மருத்துவக் காரணத்தை நிறுவுவதோ தனியொருவர்மீது குற்றஞ் சுமத்துவதோ எமது நோக்கமன்று. அது விசாரணை செய்வோரின் கடமை. ஆயின் அதன் பின்னர் எழுந்த பேச்சை நாம் கவனித்தோம். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வைத்தியசாலையைப் பற்றிப் பேசினார்கள். விதியைப் பற்றியும் பேசினார்கள். பின்னர் பேச்சு ஓய்ந்தது. மறு ஆண்டின் முதலாந் தவணை பிறந்தது. சுண்ணாம்புக் கோடுகள் மீண்டும் இழுக்கப்பட்டன. பிள்ளைகளை ஓட அனுப்புபவர் யார், அவருக்கு என்ன கற்பிக்கப்பட்டிருக்கின்றது, அவரிடம் சமுதாயம் எதனை எதிர்பார்க்கின்றது என்ற கேள்விகள் மாத்திரம் கேட்கப்படாமலே போயின. அக் கேள்விகளையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகின்றோம். விளையாட்டுப் பயிற்றுநர் என்பவர் முதலாவதாக ஒரு சுகாதார ஊழியர். இரண்டாவதாகவே வெற்றியைத் தேடுபவர். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதே எமது விளையாட்டுத் துறையின் மூலநோய். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் பயிற்றுநர் அல்லர். அவரை அவ்வாறு ஆக்கிய அமைப்பே என்பதையும் தொடர்ந்து காட்டுவோம்.

சுகாதார ஊழியர் என்றதும் சிலர் முகஞ் சுழிப்பர். பயிற்றுநரிடம் மருந்துப் பெட்டியில்லை, வைத்தியப் பட்டமில்லை, அவர் எப்படிச் சுகாதார ஊழியராவார் என்பர். சுகாதாரம் என்பது வைத்தியசாலை வாசலில் தொடங்குகின்றது என்று எண்ணுவோரின் கேள்வி இது. இவ் எண்ணத்தை உலகம் கைவிட்டு நெடுங்காலமாகின்றது. 1978இல் அல்மா ஆட்டாவிற் கூடிய நாடுகள், ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பே எல்லா மக்களுக்கும் நலத்தைக் கொண்டுசெல்லும் வழி என்று பிரகடனஞ் செய்தன. 1986இல் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட சாசனம், மனிதர் கற்குமிடத்திலும் தொழில் புரியுமிடத்திலும் விளையாடுமிடத்திலுமே அவர்களின் உடல்நலம் உருவாகின்றது என்பதை வலியுறுத்திற்று. இதே சிந்தனையின் வழிவந்து, பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், விளையாட்டுக் கழகமே உடல்நலத்தை வளர்க்கும் நிலையமாக இருத்தல் வேண்டும் என்று இந் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதாடி, அதற்குரிய அளவுகோல்களையும் வகுத்தனர்.

இதனை எமது நிலைமையிற் பொருத்திப் பார்ப்போம். வைத்தியர் நோயுற்ற பின்னரே பிள்ளையைக் காண்கின்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடைக்கிடையே பாடசாலைக்கு வந்து போகின்றார். வகுப்பாசிரியர் பிள்ளையை வாங்கில் அமர்ந்த நிலையிலேயே காண்கின்றார். கிழமையிற் பல நாட்கள், மாலை வேளைகளில், பிள்ளையின் உடல் அசைவதைக் காண்பவர் பயிற்றுநர் ஒருவரே. எந்தப் பிள்ளை காலைத் தாங்கி நடக்கின்றது, எது மூச்சிரைக்கின்றது, எது சென்ற மாதத்தைவிட மெலிந்துவிட்டது, எது காலையுணவின்றி வெறுந்தேநீரோடு வந்திருக்கின்றது, எது வீட்டிற்குப் போக அஞ்சி மைதானத்திலேயே தங்கி நிற்கின்றது, இவை யாவற்றையும் முதலிற் காணக்கூடியவர் அவரே. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் இந் நாட்டு மக்கள் போராடிப் பெற்ற இரு பெருஞ் செல்வங்கள். அவ்விரண்டும் சந்திக்கும் இடம் பாடசாலை மைதானம். அச் சந்தியிலே நிற்பவர் பயிற்றுநர். அவர் கையில் நாம் கொடுத்திருப்பதோ ஒரு விசிலும் ஒரு நிறுத்தற் கடிகாரமுமே.

இஃது அற்ப விடயமன்று. இன்று இந் நாட்டில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நேர்வன. அவற்றின் விதைகள் பல இளமையிலேயே ஊன்றப்படுகின்றன. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதப்புரை. 2016ஆம் ஆண்டுக்குரிய தரவுகளைக் கொண்டு அந் நிறுவனம் கணித்தபோது, உலகில் 11 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 81 வீதத்தினர் அவ்வளவு இயங்குவதில்லை எனக் கண்டது. ஐவரில் நால்வர்! இந் நால்வரை அசைக்கக்கூடிய மாத்திரை எந்த மருந்தகத்திலும் இல்லை. அவர்களை மைதானத்திற்கு அழைத்து, அங்கேயே நிலைத்திருக்கச் செய்யும் ஆற்றல் ஒரு நல்ல பயிற்றுநருக்கே உண்டு.

ஆனால் எமது பயிற்றுநர் அந் நால்வரையா தேடுகின்றார்? இல்லை. அவர் ஐந்தாமவனைத் தேடுகின்றார்; அவனிலும் வேகமாக ஓடுபவனைத் தேடுகின்றார். தவணைத் தொடக்கத்தில் தெரிவுப் போட்டி நடைபெறுகின்றது. உதைபந்தாட்டத்திற்குப் பதினொருவர், வலைப்பந்தாட்டத்திற்கு எழுவர், கரப்பந்தாட்டத்திற்கு அறுவர், ஆங்காங்கே சில பதிலாட்கள். எஞ்சிய நூற்றுக்கணக்கானோர் கோட்டிற்கு வெளியே நின்று கைதட்டுகின்றனர். கரப்பந்தாட்டம் 1991ஆம் ஆண்டு முதல் எமது தேசிய விளையாட்டு. தேசத்தில் எத்தனை பேர் அதனை விளையாடுகின்றனர் என்று எண்ணிப் பார்த்தவர் யார்? 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று, ஆசிய விளையாட்டு விழாவில் இந் நாட்டிற்கு முதலாவது தங்கப் பதக்கத்தைத் தேடித் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் பெயரை எமது மேடைகளில் இன்றும் பெருமையோடு கூறுகின்றோம்; கூறுதல் தகும். ஆயின் ஒருவர் பாய்ந்த உயரத்தைக் கூறித் திருப்தியடையும் சமுதாயம், ஓராயிரம் பிள்ளைகள் பாயவே கற்காமற் போனதை மறந்துவிடுகின்றது. உடலை வளர்க்கும் விளையாட்டு யாருடைய உடலை வளர்க்கின்றது? ஏற்கெனவே வளர்ந்த உடலை. யாருக்கு அது மிக வேண்டுமோ அவருக்கு அது மறுக்கப்படுகின்றது. பருத்தவன், மெலிந்தவன், கண்பார்வை குறைந்தவன், ஒரு கால் ஊனமுற்றவன், சாமத்தியப்பட்ட மறுநாளே மைதானத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை, இவர்கள் யாவரும் விளையாட்டின் பார்வையாளராகவே வளர்ந்து, பின்னர் கிளினிக்கின் நிரந்தர வாடிக்கையாளராகின்றனர்.

தெரிவு செய்யப்பட்ட அந்தச் சிலரின் நிலையேனும் நன்றா? அங்குதான் இரண்டாவது அநியாயம் தொடங்குகின்றது.

எமது மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் சில நம்பிக்கைகள் உள. பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் உடல் சோர்ந்துவிடும் என்பது ஒன்று. நோவோடு ஆடுபவனே வீரன் என்பது மற்றொன்று. ஏசினால்தான் இரத்தம் சூடாகும், அடித்தால்தான் அடிபணிவான் என்பது இன்னொன்று. இவற்றுள் ஒன்றேனும் விஞ்ஞானம் அன்று, யாவும் மூடநம்பிக்கையே. கோயில் வீதியில் மூடநம்பிக்கையைக் கண்டிக்கும் நாம், மைதானத்தில் அதனைக் கட்டுப்பாடு என்று போற்றுகின்றோம். உடற்தண்டனையைத் தடைசெய்யுங் கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் வகுப்பறைச் சுவரோடு நின்றுவிடுகின்றன. மைதானத்து வேலியைத் தாண்டி அவை செல்வதில்லை.

இவ்வாறான கட்டுப்பாடு எங்கு கொண்டுபோய் விடும் என்பதை அறியப் பிற நாடுகளைப் பார்த்தாற் போதும். யப்பானின் ஒசாக்கா நகரில், 2012 டிசம்பரில், உயர்நிலைப் பாடசாலையொன்றின் கூடைப்பந்தாட்ட அணித் தலைவன் தன் பயிற்றுநரின் தொடர்ச்சியான அடிகளைத் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டு நீதிமன்றம் அப் பயிற்றுநரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. அதே ஆண்டில் அந் நாட்டின் தேசிய ஜூடோ அணியைச் சேர்ந்த பெண்கள் 15 பேர் தம்மைப் பயிற்றுநர் தாக்கினார் என்று முறையிட்டமை வெளிவந்ததும், தலைமைப் பயிற்றுநர் பதவி விலகினார். பிரித்தானியாவில், சீருடற் பயிற்சித் துறையில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்த ஆன் வைட் என்னுஞ் சட்டத்தரணியின் அறிக்கை 2022 ஜூனில் வெளிவந்தது. காயத்தோடு பயிற்சி செய்யுமாறு வற்புறுத்தல், உணவையும் நீரையும் மறுத்தல், எடையைச் சொல்லிப் பலர் முன் அவமானப்படுத்தல் என்பன தனிப்பட்ட சிலரின் தவறுகளல்ல, அத் துறையின் அமைப்பிலேயே ஊறியவை என்று அவ் அறிக்கை காட்டிற்று. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாடுகளிலேயே இந் நிலையென்றால், கேட்பாரற்ற எமது மைதானங்களில் என்ன நிகழ்கின்றது என்பதை யார் எழுதி வைத்திருக்கின்றார்கள்?

பசியைப் பற்றியும் ஒரு சொல். செலவிடும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது விளையாட்டு வீரரின் உடல் தன்னைத்தானே தின்னத் தொடங்குகின்றது. எலும்பு வலுவிழக்கின்றது, நோயெதிர்ப்பு குன்றுகின்றது, பெண்பிள்ளைகளில் மாதவிடாய் தடைப்படுகின்றது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந் நிலைக்கு ஒரு பெயரிட்டு விளக்கிற்று. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் மெலிவை அழகென்றும் வேகமென்றும் கருதுவதால் நேர்கின்றது. எமது நாட்டில் அதற்கு வேறு காரணமும் உண்டு: சட்டியிற் சோறில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டு அடுப்புக்கள் எரியாத நாட்களிலும் மைதானத்திற்கு வந்த பிள்ளைகள் உளர். அவர்களிடம் இன்னும் இரண்டு சுற்று ஓடு என்று கட்டளையிடுவதற்கு முன், இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதே பயிற்றுநரின் முதற் கடமை. அக் கேள்வியைக் கேட்காத பயிற்சி, பயிற்சியன்று; கடன் வாங்கி நடத்தும் வியாபாரம். கடனைப் பிள்ளையின் எலும்பு கட்டுகின்றது.

இனி வெயிலுக்கு வருவோம். மரதன் என்று நாம் பெயர் சூட்டினும், பாடசாலைகளில் நடைபெறுவது 42.195 கிலோமீற்றர் ஓட்டமன்று; சில கிலோமீற்றர் வீதியோட்டமே. ஆயின் ஆண்டு முழுவதும் ஓடாதிருந்து அன்று மாத்திரம் ஓடும் பிள்ளைக்கு அதுவே போதும். சில பாடசாலைகளில், ஓட்டத்தை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் இல்லத்திற்குப் புள்ளி உண்டு. ஆதலால் ஓட விரும்புபவன் மாத்திரமன்றி, ஓட முடியாதவனும் இல்லத்தின் மானத்திற்காக ஓடுகின்றான். வெப்பத்திற்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் செல்லும். எமது கரையோரக் காற்றில் ஈரப்பதன் மிகுதி. வியர்வை வடியுமேயன்றி உலர்வதில்லை. வியர்வை உலராவிடின் உடல் குளிர்வதுமில்லை. ஓடுபவனின் உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, அவன் தடுமாறவும் பிதற்றவும் தொடங்கினால், அது வெறுங் களைப்பன்று, வெப்பத் தாக்கு. அவ் வேளையில் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை. முதலில் உடலைக் குளிர்வித்தல், பின்னரே வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லல் என்பதே இன்றைய மருத்துவ விதி. முதல் அரை மணிக்குள் உடல் வெப்பத்தைத் தணித்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துக்கொள்வர். நீரும் ஐஸ்கட்டியும் நிறைந்த ஒரு தொட்டி. தொட்டியில்லையேல் நால்வர் நான்கு மூலையிற் பிடித்த ஒரு தறப்பாள். மீன்சந்தை உள்ள ஊர்களில் ஐஸ்கட்டிக்குப் பஞ்சமா? சந்தையில் மீன் கெடாதிருக்க நாம் எடுக்குங் கவனத்தில் ஒரு பங்கையேனும் மைதானத்திற் பிள்ளைக்கு எடுக்கக்கூடாதா?

2018இல் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்சியின்போது 19 வயது வீரர் ஒருவர் வெப்பத் தாக்கினால் வீழ்ந்து, இரு வாரங்களின் பின் இறந்தார். குளிர்நீர்த் தொட்டியில் அவரை உரிய வேளையில் அமிழ்த்தவில்லை என்பது வெளிப்பட்டது. சட்டத்தின் முன்னும் தர்மத்தின் முன்னும் தாமே பொறுப்பு என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. தலைமைப் பயிற்றுநர் பின்னர் நீக்கப்பட்டார். மறுபுறம், சர்வதேச ஒலிம்பிக் குழுவினர், தலைநகரின் வெப்பத்திற்கு அஞ்சி, தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் மரதன் ஓட்டத்தை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வடக்கே உள்ள சப்போரோ நகருக்கு மாற்றினர். 2021இல் அங்கும் வெப்பம் மிகுந்தபோது, பெண்களுக்கான ஓட்டத்தை ஒரு மணித்தியாலம் முன்னதாக, காலை 6 மணிக்கே தொடங்கினர். உலகின் மிகச் சிறந்த ஓட்ட வீராங்கனைகளுக்காக நேரத்தை மாற்றலாம். ஒரு நகரையே மாற்றலாம். பிரதம விருந்தினர் வரும் நேரத்தை எமது பிள்ளைகளுக்காக மாற்ற இயலாதாம்!

இதுவரை பயிற்றுநரை நோக்கிப் பேசினோம். இனி அவருக்காகப் பேசுதல் நியாயம். குற்றம் யாவும் அவருடையதே என்று கூறி ஓய்ந்துவிடுவோர், அடிமரத்தை விட்டுவிட்டு இலையை வெட்டுவோராவர்.

எமது பயிற்றுநர் எத்தகைய மனிதர்? பல பாடசாலைகளில் அவர் பருவகாலத்திற்கு மாத்திரம் அமர்த்தப்பட்டவர். சம்பளத்தைப் பழைய மாணவர் சங்கமோ பெற்றார் சங்கமோ திரட்டித் தருகின்றது. அணி தோற்றால் அடுத்த பருவத்தில் அவர் இல்லை. வேறு பல பாடசாலைகளில் அவர் கணிதமோ சமயமோ படிப்பிக்கும் ஆசிரியர்; இளமையில் விளையாடியவர் என்ற ஒரே காரணத்தினால் விசில் அவர் கழுத்தில் மாட்டப்பட்டது. வெப்பத் தாக்கைப் பற்றியோ, தலையில் அடிபட்டவனை ஆட்டத்திலிருந்து நிறுத்துவது பற்றியோ, பெண்பிள்ளையின் உடல் பற்றியோ எவரும் அவருக்கு ஒரு நாளேனும் வகுப்பெடுத்ததில்லை. ஆனால் வலயப் போட்டியில் எத்தனையாம் இடம் என்று கேட்பதற்கு அதிபர் உளர். மாகாணத்தில் எத்தனை பதக்கம் என்று கேட்பதற்கு அதிகாரிகள் உளர். வென்ற மறுநாள் பதாகை கட்டுவதற்குப் பழைய மாணவர் உளர். தம் இனிப்புப் பானத்தின் பெயரை அப் பதாகையில் எழுதுவதற்குக் கம்பனிகளும் உள. 2006ஆம் ஆண்டின் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளையாட்டு அனுசரணையைத் தடைசெய்தது. சீனிக்கு இன்னும் தடையில்லை. எத்தனை பிள்ளைகள் நலமுற்றனர் என்று பயிற்றுநரிடம் கேட்பவர் மாத்திரம் எவருமிலர். கேட்கப்படுவதையே மனிதர் செய்வர். பதக்கத்தை எண்ணும் அமைப்பு பதக்கத்தை விளைவிக்க முயலும். அதற்குப் பிள்ளை உரமாகும்.

இப் போட்டியிலும் சமத்துவமில்லை. நகரத்தின் பெரிய பாடசாலைக்குப் புற்றரை மைதானமும் நீச்சற் குளமும் சம்பளம் பெறும் பயிற்றுநர் பலரும் உண்டு. மலையகத்தில், தேயிலைச் சரிவில் ஒட்டிநிற்கும் பாடசாலைக்குப் பந்து உருளாத ஒரு சமதரை கிடைப்பதே அரிது. இருவரும் ஒரே கோட்டில் நின்று ஓடுகின்றனர். பின்னர் திறமை வென்றது என்று அறிவிக்கப்படுகின்றது.

எமக்கு எதிராகக் கூறப்படுவன யாவை? பணமில்லை என்பது முதலாவது. இதற்கு விடையாக நோர்வே நாட்டின் அனுபவமொன்றைத் தருகின்றோம். காயங்களைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட 20 நிமிடச் சூடேற்றற் பயிற்சியொன்றை, 2007ஆம் ஆண்டின் எட்டு மாதப் பருவத்தில், அந் நாட்டின் 125 உதைபந்தாட்டக் கழகங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையான 1892 பெண்பிள்ளைகளிடையே ஆய்ந்து பார்த்தனர். கழகங்களிற் சில அப் பயிற்சியைச் செய்தன. ஏனையவை வழமைபோல ஆடின. 2008இல் முடிவு வெளிவந்தது. பயிற்சி செய்தோரிடையே காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. கடுங் காயங்கள் பாதியளவாகக் குறைந்திருந்தன. எவ் அணிகள் ஒழுங்காகப் பயிற்சி செய்தனவோ அவ் அணிகளிற் காயங்கள் மேலும் குறைவு. அப் பயிற்சிக்கு வேண்டியவை எவை? மெதுவோட்டம், சமநிலை, தசைவலுப் பயிற்சி, சரியாகப் பாய்ந்து சரியாக ஊன்றுதல். இயந்திரமில்லை, மருந்தில்லை, பந்து ஒன்றே உபகரணம். வைத்தியர் எவரும் மைதானத்தில் நிற்கவில்லை, செய்வித்தவர்கள் பயிற்றுநர்களே. அவர்களுக்கு அது கற்பிக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. பணமில்லை என்று கூறுவோர் கூடாரத்திற்கும் பதாகைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் தொகையை ஒருமுறை கூட்டிப் பார்ப்பாராக.

கண்டிப்பும் போட்டியும் இன்றி வெற்றி வராது என்பது இரண்டாவது வாதம். மீண்டும் நோர்வேயையே பார்ப்போம். அங்கு பிள்ளைகளின் விளையாட்டிற்கென 1987 முதல் விதிகள் உள. 2007இல் அவை பிள்ளைகளின் உரிமைகளாகவும் வகுத்துரைக்கப்பட்டன. 11 வயதிற்கு முன் புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் இல்லை. 13 வயதிற்கு முன் தேசியப் போட்டி இல்லை. பிள்ளை நண்பர்களோடு விளையாட வேண்டும், அச்சமின்றி விளையாட வேண்டும், தன் கருத்தைக் கூற வேண்டும் என்பன அங்கு உரிமைகள். இவ்வாறு பதக்கத்தை எண்ண மறுத்த அந் நாடு, ஏறத்தாழ 50 இலட்சம் மக்களைக் கொண்டு, 2018இன் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களைப் பெற்று எல்லா நாடுகளையும் முந்திற்று. 2022இல் 16 தங்கங்களைப் பெற்று மீண்டும் முதலிடம் அடைந்தது. அந் நாட்டின் செல்வமும் பனியும் அவ் வெற்றிக்குத் துணையென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் பிள்ளைகளை வதைத்தால்தான் பதக்கம் வரும் என்ற வாதம் அங்கு நொறுங்கிவிட்டது என்பதை எவர் மறுப்பார்? பரந்த அடித்தளமே உயர்ந்த கோபுரத்தைத் தாங்கும். பலரை விளையாட விடாத நாட்டில் ஒருவரின் வெற்றி விபத்தாகவே நிகழும்.

மூன்றாவது வாதம் எம்மவரிற் சிலரிடமிருந்தே வருவது. சமுதாய அமைப்பு முழுதும் மாறினாலன்றி இவை மாறா; அதுவரை தண்ணீர்ப் போத்தலைப் பற்றிப் பேசுவது சில்லறைச் சீர்திருத்தம் என்பர் அவர்கள். அமைப்பு மாறவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் அடுத்த முதலாந் தவணையில் ஓடப்போகும் பிள்ளைக்கு அவ்வளவு அவகாசமில்லை. தொழிற்சாலையில் இயந்திரத்திற்குப் பாதுகாப்பு வேலி கேட்டுப் போராடிய தொழிலாளர், அதனாற் பெரும் போராட்டத்தைக் கைவிட்டவராகவில்லை. வேலியைக் கேட்கும்போதுதான் அது யாருடைய இயந்திரம் என்ற கேள்வியும் அவர்களுக்குப் பிறந்தது. மைதானத்திலும் அதுவே நிகழும்.

ஆகவே எமது கோரிக்கைகளைத் திட்டவட்டமாகக் கூறுகின்றோம். விசிலைக் கையிற் கொடுக்குமுன், முதலுதவி, வெப்பத் தாக்கு, தலைக்காயம், போசாக்கு, வளரிளம் பருவத்து உடல் ஆகியவற்றில் ஒவ்வொரு பயிற்றுநருக்கும் அரச செலவிற் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். அவருக்கு நிலையான நியமனமும் நியாயமான சம்பளமும் வேண்டும். தோல்விக்காக அவர் நீக்கப்படலாகாது. பிள்ளையை அடித்தமைக்காக நீக்கப்படல் வேண்டும். வைத்திய பரிசோதனையும் சில வாரப் பயிற்சியும் இன்றி எந்தப் பிள்ளையும் வீதியோட்டத்தில் விடப்படலாகாது. ஓட்டம் சூரியன் ஏறுமுன் முடிதல் வேண்டும். வழிநெடுக நீரும், எல்லையிற் குளிர்நீர்த் தொட்டியும், 1990 நோயாளர் வண்டிக்கு முன்னறிவித்தலும் இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு உடைமாற்றும் அறையும் மலசலகூடமும் இல்லாத மைதானம் முழுமையான மைதானமாகக் கருதப்படலாகாது. பிள்ளை அச்சமின்றி முறையிடுவதற்குப் பாடசாலைக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வலயக் கல்விப் பணிமனை பாடசாலையிடம் கேட்கும் முதற் கேள்வி மாறுதல் வேண்டும். எத்தனை பதக்கம் என்பதன்று. எத்தனை பிள்ளைகள் விளையாடினர், எத்தனை பேர் காயமுற்றனர், எத்தனை பேர் இடையில் விலகினர், ஏன் என்பதே அது.

இவற்றுட் சில அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை. வேறு சில எவரிடமும் கேட்க வேண்டாதவை. இதனை வாசிக்கும் ஆசிரியர்கள் தத்தம் பாடசாலையின் விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் நாளையே எழுப்பக்கூடியவை அவை. ஓட்டம் எத்தனை மணிக்கு, நீர் எங்கே, யார் பரிசோதித்தது, விழுந்தால் முதற் பத்து நிமிடத்தில் என்ன செய்வோம் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லையேல், அன்று ஓட்டம் இல்லை என்று கூறும் துணிவு அக் கூட்டத்தில் ஒருவருக்கேனும் வேண்டும். மாணவர்களும் இதைக் கேட்கலாம். ஓடும் கால்கள் அவர்களுடையவை.

எமது வீதியோட்டங்களின் முடிவில் ஒரு காட்சியைக் காண்பது வழக்கம். முதலாவது வந்தவனைத் தோளில் தூக்கிச் செல்வர். பயிற்றுநர் நேரத்தைக் குறித்துக்கொண்டு அவனோடு செல்வார். படம் பிடிப்போரும் செல்வர். எல்லைக் கோட்டின் கயிறு அவிழ்க்கப்பட்டுவிடும். நெடுநேரத்தின் பின், வியர்வை வடிய, தனியே, கடைசிப் பிள்ளை வந்து சேரும். அதற்குத் தண்ணீர் கொடுக்க அங்கு எவரும் இரார்.

அக் கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை எல்லையில் நிற்பவரே பயிற்றுநர். அவ்வாறு நிற்பதற்குரிய அறிவையும் ஊதியத்தையும் சுதந்திரத்தையும் அவருக்குப் பெற்றுக் கொடுப்பது எம் அனைவரதும் கடமை.